கலெக்டர் கூடாரத்துக்குள் எட்டிப் பார்ப்போமா?

சென்னைத் தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரே, சர் தாமஸ் மன்றோ, அவரை எல்லோருக்கும் தெரியும். அந்த மன்றோ ஒரு காலத்தில் நம்ம ஆம்பூரில் உளவு வேலை பார்த்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்! கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நடத்திய உளவுப் பிரிவில் அவர் உதவியாளர். மலைக்கு அந்தப் பக்கம் திப்பு சுல்தான் என்ன செய்கிறார் என்று இந்தப் பக்கத்திலிருந்து காது கொடுத்துக் கேட்பது வேலை. 1790 ஜனவரியில் ஆம்பூரிலிருந்து அப்பாவுக்கு அவர் எழுதிய கடிதம் முழுக்க மைசூர் அரசியல்தான்.

ஆள் எப்படிப்பட்டவர்? இந்தியா வந்த முதல் மூன்று வருடம் புத்தகம் அல்லது தோட்டாப் பை, இவைதான் தலையணை. நான்கு குச்சிகளில் இழுத்துக் கட்டிய கித்தான்தான் கட்டில். சகோதரிக்கு அவரே எழுதியிருக்கிறார். அந்த வறுமையிலும் பாரசீகம் படித்தார். கடனுக்கு ஈடாகச் சதையை அறுத்துக் கேட்கும் ஒரு பாரசீகக் கதையை மொழிபெயர்த்தார். அது லண்டனுக்குப் போய், 1790இல் மலோன் பதிப்பித்த ஷேக்ஸ்பியர் தொகுதியில் ஷைலாக் கதைக்குப் பக்கத்துணையாக அச்சேறியது!

சரி, இப்போது 1792. திப்புவோடு ஒப்பந்தம். வாணியம்பாடி, திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று பாராமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்கு வருகிறது. யாரைக் கலெக்டராகப் போடுவது? மெட்ராஸ் சிவில் அதிகாரிகளுக்கு ஊர் மொழி தெரியாது, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்க்கும் துபாஷிதான். கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் துணிந்து ராணுவத்தாரை இறக்கினார். திருப்பத்தூரில் ரீட் தலைமை. அவருக்குக் கீழே மன்றோ, மெக்லியாட், கிரகாம். மூவருமே பட்டாளத்துக்காரர்கள்.

இனி திரையை விலக்குவோம். கலெக்டர் என்றதும் பங்களா, தூண், பங்கா இழுக்கும் ஆள் என்று கற்பனை ஓடுகிறதா? கிடையாது! மன்றோவுக்குக் கூடாரம்தான் கச்சேரி. ஊர் ஊராகக் கூடாரம் நகரும், குடியானவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். காலை ஏழு மணிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தவர் மதியம் பன்னிரண்டாகியும் முடிக்கவில்லை. அதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். சுற்றிலும் ஒரே பேச்சு. அப்பன் காலத்துக் கடனை ஒருவர் கொண்டு வருகிறார். சண்டைக் காலத்தில் ஊரில் இல்லாதபோது சொத்தைத் தம்பி சுருட்டிவிட்டான் என்று இன்னொருவர். தனக்கென்று ஒரு மணி நேரம் கிடையாது என்று சலித்துக்கொள்கிறார். ஆனால் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

வயல் வயலாக அளந்து, மண்ணைப் பார்த்து, உழுகிறவரிடமே நேராகத் தீர்வை பேசுவது இவர்கள் முறை. அதுதான் பிறகு ரயத்துவாரி ஆயிற்று. வழி காட்டியவர் ரீட். சிலையும் புகழும் மன்றோவுக்குப் போனதில் எனக்கு வருத்தம்தான்.

அந்தக் காலத்துக் கலெக்டர்களுக்குச் சம்பளம் கொஞ்சம், மறைவு வருமானமோ கொட்டும். மன்றோ இதைப் பூசி மெழுகவில்லை. அதிகாரிக்கு ஒழுங்கான சம்பளம் கொடு, குடிகளிடம் கைநீட்டுவதைத் தடு, வரி தானாக வரும் என்பது அவர் கணக்கு. பாராமகாலின் வெற்றியில் மாயமந்திரம் எதுவும் இல்லை, கடும் உழைப்பும் நேர்மையும்தான் என்றார்.

கேட்கும்போதே சீனத்துப் பாவோ செங் நினைவுக்கு வருகிறார். பதினோராம் நூற்றாண்டில் துவான்சோ ஊருக்கு அதிகாரியாகப் போனார். மை அரைக்கும் கல்லுக்குப் பேர்போன ஊர். முன்பிருந்தவர்கள் பேரரசருக்குக் காணிக்கை என்ற பெயரில் பல மடங்கு கற்களைப் பிடுங்கி, பெரிய இடங்களுக்குப் பரிசளித்தார்கள். பாவோ காணிக்கைக்கு வேண்டியதை மட்டும் செய்யச் சொன்னார். பதவிக்காலம் முடிந்து கிளம்பும்போது ஒரு கல்லைக்கூட எடுத்துப்போகவில்லை! ஒரு பொருளுக்குப் பேர்போன ஊரில் அதிகாரியாக இருப்பது எத்தனை பெரிய சோதனை என்று, தோலுக்கும் ஷூவுக்கும் பேர்போன ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. மன்றோ வசூலித்த பணம் ஊருக்குத் திரும்பவில்லை, கும்பெனி கஜானாவுக்குத்தான் போனது. தீர்வையும் கனம். நல்ல மனிதர்கள் அந்நிய ஆட்சிக்கு வேர் ஊன்றிக் கொடுத்தார்கள். ஆனாலும் 1807இல், கடப்பை, பெல்லாரிப் பகுதியை நிர்வகித்துவிட்டுக் கிளம்பும்போது, தீர்வையைக் கால் பங்கு குறைக்க வேண்டும் என்று எழுதி வைத்தவரும் இதே மன்றோதான். 1824இல் கவர்னராக இருந்தபோது, இந்தியர்களுக்கு உயர்பதவி தர வேண்டும் என்று வாதாடினார். 1827 ஜூலையில் அதே பகுதியில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். கடைசிவரை ஊர் சுற்றிய உடம்பு.

பட்டா, ஜமாபந்தி என்று தாலுகா ஆபீசில் இன்றும் நம் காதில் விழுவதெல்லாம் அந்த வருவாய் நிர்வாகம் விட்டுச்சென்ற சொற்கள். 2019இல் திருப்பத்தூர் மறுபடி மாவட்டத் தலைநகரானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் அதற்குள்ளேதான். மன்றோவின் கடிதங்களை க்ளெய்க் என்பவர் 1830இல் புத்தகமாக்கினார். பாராமகால் ஆவணங்களையும் மெட்ராஸ் அரசு அச்சிட்டது. திருப்பத்தூர், வாணியம்பாடிக் கல்லூரிகளின் வரலாற்று ஆசிரியர்களே, இவற்றில் நம் ஊர்ப் பக்கங்களையாவது நல்ல தமிழில் பிள்ளைகள் கையில் கொடுங்கள். குரூப் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் முதலில் படிக்கட்டும்.