70 வளைவும் 4 பின்னும்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்தபடி, மடியில் ஒரு கிழட்டு லேப்டாப்போடு ஏறினேன். சுற்றிப் பார்க்க இல்லை ஸார். செம்மேட்டில் பெரியப்பா வீட்டு பீரோவில் ஒரு கேசட். 2004-ல் ஆகாய கங்கை அருவிக்குப் போனபோது அவர் எடுத்தது. 2011-ல் போய்ச் சேர்ந்த அப்பாவின் குரல் உலகத்திலேயே அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது.

"கேமராவைக் கொடுத்து அனுப்புங்களேன் பெரியப்பா."

"இங்கேருந்து கீழே போனது எதுவும் திரும்பி வந்ததில்லடா. உங்கப்பனையும் சேர்த்துத்தான். நீ மேலே வா."

ஒருவிதத்தில் நல்லதுதான். இந்த மினி டி.வி. கேசட்டை (டி.வி. என்றால் தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ) பதிந்த அதே கேமராவில் ஓட்டுவதுதான் பத்திரம். வேறு கேமராவின் ஹெட் ஒரு இழை தள்ளியிருந்தாலும் படம் கட்டம் கட்டமாக உடையும்.

யு.எஸ்.பி. வயரைச் சொருகினேன். வந்தது மெமரி கார்டில் இருந்த பெரியம்மாவின் வாழைத்தோப்பு போட்டோக்கள். அந்தக் கேமராவில் யு.எஸ்.பி. அதற்கு மட்டும்தானாம்! கேசட்டில் இருப்பது பக்கத்து ஓட்டை வழியாகத்தான் வரும். அதன் பெயர் ஃபயர்வயர். 1995-ல் வந்த ஐ.இ.இ.இ. 1394. பி.காம். படித்த எனக்கு 1394 என்றதும் ஏதோ வருமான வரிப் பிரிவு என்றுதான் தோன்றியது.

அதிலும் ஜாதி உண்டு. பெரிய முனையில் 6 பின், அதில் இரண்டு கரண்டுக்கு. கேமராவில் 4 பின்தான். என் லேப்டாப்பிலும் அதே. சேலத்துக் கடைக்காரர் முதலில் 6 பின் வயரைத் தலையில் கட்டினார். அடுத்து, ஒரு பக்கம் ஃபயர்வயர், மறுபக்கம் யு.எஸ்.பி. என்று ஒரு ஒட்டு வயர். அழகாகச் சொருகிக்கொள்ளும், ஒரு ஃபிரேம்கூட நகராது. இரண்டும் பேசுவது வேறு பாஷை. புது லேப்டாப்பில் இந்த ஓட்டையே கிடையாது. 2025-ல் வந்த மேக் ஓ.எஸ். டஹோவில் ஃபயர்வயர் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். கிழட்டு லேப்டாப் ரகசியம் இதுதான்.

சரியான வயரைச் சொருகினால், கேமரா திரையில் நீர்த்துளிச் சின்னம். ஓட மாட்டேன் என்கிறது. ராத்திரி முழுக்க ஜில்லென்ற அறையில் இருந்ததை, பெரியப்பா பாசத்தோடு சோறு கொதிக்கும் அடுப்படியில் வைத்திருந்தார். "அதுக்கும் குளிராதா?" உள்ளே வியர்த்துவிட்டது. அப்படியே ஓட்டினால் டேப் டிரம்மில் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். அப்பா காலி! மூடியைத் திறந்து வைத்து ஒன்றரை மணி நேரம் தேவுடு காத்தோம்.

ஓடியது. ஃபைலைக் காப்பி பண்ணுவதுபோல இல்லை ஸார். 60 நிமிஷக் கேசட்டுக்கு 60 நிமிஷம், கிட்டத்தட்ட 13 ஜி.பி. நேராக எக்ஸ்டர்னல் டிரைவுக்கு அனுப்பினேன். 20 நிமிஷம் ஆகும் முன்பே நின்றது. டிரைவ் பழைய ஃபேட்32 ஃபார்மட். 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைலை ஏற்காது. அதை என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கு மாற்றி, மறுபடி முதலிலிருந்து. இற்றுப்போன டேப்பை இன்னொருமுறை தேய்க்கிறோமே என்று வயிறு கலங்கியது.

26-வது நிமிஷம். ஆகாய கங்கைப் படிகளில் அப்பா மூச்சு வாங்க உட்காருகிறார். "அண்ணே, மானம் போவுது. கேமராவை ஆஃப் பண்ணுங்க!"

பெரியப்பாவின் கை தானாகவே கேமரா ஸ்விட்ச்சுக்குப் போனது. சட்டென்று பிடித்துக்கொண்டேன்.

"பெரியப்பா... இன்னும் 34 நிமிஷம் இருக்கு."