பெயர் சூட்டும் பொறுப்பு



சென்ற ஆண்டு, நிறமாலைப் பதிவுகளைப் படித்துக் கணக்கிடும் சிறு நூலகம் ஒன்றை ஜாவா மொழியில் எழுதினேன். கோப்புக்கு ‘ஸ்பெக்ட்ரம்’ என்று பெயர். உடன் பயிலும் இருவர் அதனைத் தம் நிரல்களில் பயன்படுத்தினர். சில திங்கள் கழித்து, இன்னும் அழகான பெயர் வேண்டுமென்று கோப்பின் பெயரை மாற்றி அனுப்பினேன். மறுநாள் இருவர் நிரலும் ஓடவில்லை. ஆய்வேடு ஒப்படைக்க வேண்டிய வாரம் அது! உள்ளே ஓரெழுத்தும் மாறவில்லை. பெயர் மட்டுமே மாறியது.

காரணம் என்ன? 2017 செப்டம்பரில் வெளியான ஜாவா 9, நூலகங்களைத் ‘தொகுதி’களாக அமைக்கும் முறையைக் கொணர்ந்தது. ஒரு தொகுதி, தனக்கு வேண்டிய மற்றொன்றைப் பெயர் சொல்லியே அழைக்கும். நூலகம் தன் பெயரை அறிவிக்காவிடில், கோப்பின் பெயரிலிருந்து ஜாவா தானே ஒரு பெயரை உண்டாக்கிக்கொள்ளும். கோப்பின் பெயரோ எவரும் மாற்றக்கூடியது. அதை நம்புவது மணல்மேல் வீடு கட்டுவதேயாகும்.

அப்படியாயின் நல்ல பெயர் எது? நான் குடியிருப்பது செம்பூரை அடுத்த திலக் நகர். மேற்கு டில்லியிலும் ஒரு திலக் நகர் உண்டு. ஊரையும் சேர்த்துச் சொன்னாலன்றிக் குழப்பம் தீராது. தமிழர் இதனை நன்கு அறிவர். மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமி என்பதில் ஊர் முதலில், தாய் அடுத்து, தன் பெயர் கடைசியில். பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறோம். (இவ்வூர்ப் படிவங்கள் குடும்பப்பெயர் கேட்பதால், பலரும் என்னை என் தந்தையார் பெயரால் அழைப்பது வேறு கதை!)

ஜாவாவும் நம் வழியையே கைக்கொள்கிறது. ‘ஜேயுனிட்.ஆர்க்’ என்ற இணையப் பெயரைத் திருப்பி, ‘ஆர்க்.ஜேயுனிட்.ஜூபிடர்.ஏபிஐ’ என்று தொகுதிக்குப் பெயரிட்டிருக்கின்றனர். உள்ளிருக்கும் முதன்மையான தொகுப்பின் பெயரும் அதுவே. இணையப் பெயர் ஒருவருக்கே உரியதாதலால், மோதலுக்கு இடமில்லை. சொந்த இணையப் பெயர் இல்லாதவர், கிட்ஹப்பில் தமக்குரிய முகவரியைத் திருப்பி எழுதலாம்.

‘ஜாவா’ என்று பெயரைத் தொடங்கற்க. அது மொழிக்கே உரியது. பதிப்பெண்ணைப் பெயரின் இறுதியில் ஒட்டற்க. பதிப்பு மாறும், பெயர் மாறலாகாது. முழுத் தொகுதியாக அமைக்க நேரமில்லையெனினும், ‘மேனிஃபெஸ்ட்’ ஏட்டில் ‘ஆட்டோமேட்டிக்-மாட்யூல்-நேம்’ என்று ஒரே வரி எழுதிப் பெயரை நிலைநாட்டுக. பிறர் பயன்படுத்தத் தொடங்குமுன் இதனைச் செய்தல் வேண்டும்.

பின்னர் மாற்றினால் வரும் துன்பத்தைப் பெரியோரும் பட்டிருக்கின்றனர். நிறுவனங்களுக்கான ‘ஜாவா இஇ’யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்போவதாக 2017இல் ஆரக்கிள் அறிவித்தது. பொருள் கைமாறியது, ‘ஜாவா’ என்னும் வணிகப்பெயர் உரிமை கைமாறவில்லை. ஆகவே 2020இல் அதன் தொகுப்புகள் ‘ஜாவாஎக்ஸ்’ என்ற முன்பெயரை விடுத்து ‘ஜகார்த்தா’ என்று மாறின. அவற்றை நம்பிய நிரல்களையெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று.

எங்கள் வீட்டருகே உள்ள குர்லா முனையம், லோகமான்ய திலக் முனையமாகிப் பல்லாண்டு ஆயிற்று. ஊரிலிருந்து வரும் உறவினரோ இன்றும் ‘குர்லாவில் இறங்கினோம்’ என்கின்றனர். நாம் புரிந்துகொண்டு அழைத்துவரப் போகிறோம். பொறிக்கு அந்தப் பரிவு கிடையாது. நண்பர் இருவரிடமும் மன்னிப்பு வேண்டி, நூலகத்துக்கு நிலையான பெயர் எழுதிவிட்டேன். இனி அதை மாற்றேன்.