அயல்நாட்டுப் போரும் நம் அடுப்படியும்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைன் மண்ணில் பெரும் போர் மூண்டது. சில வாரங்களுக்குள் நம் ஊர் மளிகைக் கடைகளில் சமையல் எண்ணெயின் விலை ஏறியது. நம் நாட்டுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், இரஷ்யா ஆகிய இரு நாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபடவே, வரத்துக் குறைந்தது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியாவும் பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் தடை செய்தது. போர் எங்கோ நடக்க, அதன் சுமையை நம் இல்லத்தரசியர் சுமந்தனர்.

இது புதிய அனுபவமன்று. 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது கச்சா எண்ணெயின் விலை இரண்டே மாதங்களில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. குவைத்திலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் தாயகம் திரும்பினர். அவர்கள் அனுப்பிய பணத்தை நம்பியிருந்த வீடுகளில், வரவு நின்ற அதே மாதத்தில் செலவு கூடியது. மறு ஆண்டு நம் நாடே தன் பொன்னை அயல்நாட்டில் ஈடுவைக்க நேர்ந்தது. வளைகுடா நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் இதனை மறத்தலாகாது.

1943 புகட்டும் பாடம்

விலையேற்றம் எத்துணைக் கொடியதாகக் கூடும் என்பதை அறிய வங்காளப் பஞ்சத்தை நினைவுகூர்வோம். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி வருவது நின்றது. அடுத்த ஆண்டு மூண்ட பஞ்சத்தால் வங்காளத்தில் மாண்டவர் தொகை ஏறத்தாழ 15 இலட்சம் என அரசு அமைத்த விசாரணைக் குழு கணித்தது. 30 இலட்சம் வரை இருக்கலாம் என்பர் பின்வந்த ஆய்வாளர். ஆயினும், 1943இல் அங்கிருந்த உணவு, பஞ்சமில்லாத 1941இல் இருந்ததைவிடக் குறைவன்று எனப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். போர்ச் செலவால் விலை ஏறியது. அச்சத்தாலும் ஆசையாலும் நெல் பதுங்கியது. கூலி மட்டும் ஏறவில்லை. மாண்டவருள் மிகப் பலர் நிலமற்ற உழவுத் தொழிலாளரும் மீனவரும் ஆவர். கடையில் அரிசி இருந்தும் அதனை வாங்கும் வலிமை அவர்களிடம் இல்லை.

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு

திருவிவிலியத்தில் இரு களஞ்சியங்களைக் காண்கிறோம். எகிப்தில் யோசேப்பு வளமான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். பஞ்சம் வந்தபோது அக்களஞ்சியங்கள் மக்களுக்காகத் திறக்கப்பட்டன. லூக்கா நற்செய்தியில் வரும் செல்வனோ தனக்காகவே களஞ்சியத்தைப் பெரிதாக்க எண்ணினான். அன்றிரவே அவன் உயிர் பிரிந்தது. முன்னது விவேகம், பின்னது மதியீனம்.

பொருள் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் நாளில், ஒரு மாதத் தேவைக்குச் சிறிது சிறிதாக வாங்கி வைப்பது சேமிப்பு. வதந்தி கேட்டு ஓடிச் சென்று, கடையில் எஞ்சியிருப்பதை அள்ளி வருவது பதுக்கல். அன்றாடக் கூலி பெறுவோர் அன்றன்றே வாங்குகின்றனர். அவர்களால் சேர்த்து வைக்க இயலாது. நாம் கடையைக் காலி செய்தால், அவர்களுடைய நாளைய சோற்றையன்றோ எடுத்து வருகிறோம்? மண்ணுலகின் பொருள்கள் எல்லா மக்களுக்காகவும் படைக்கப்பட்டவை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. வணிகம் செய்யும் நம் மக்கள் இதனைச் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

அரிசியை நன்கு உலர்ந்த கலத்தில் காய்ந்த வேப்பிலையும் வற்றல் மிளகாயும் இட்டு மூடிவைத்தால் வண்டு பிடிப்பது குறையும். பருப்பை வெயிலில் காயவைத்து எடுத்துவைக்கலாம். கேழ்வரகு நெடுநாள் கெடாது. அதனை வாரத்தில் சில நாள் உணவாக்குவது உடலுக்கும் நன்று, செலவுக்கும் நன்று. எண்ணெயை மட்டும் மிகுதியாக வாங்க வேண்டாம். நாட்பட்டால் சிக்குவாடை வீசும்.

பருப்பையும் பயற்றையும் ஊறவைத்து, மூடியிட்டு வேகவைத்தால் எரிவாயு மிச்சமாகும். பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் வீட்டில் சேர்த்து வைப்பது உயிருக்கே ஆபத்து; அறவே கூடாது.

வரவு செலவுக் கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதனைக் காட்டுங்கள். வீட்டு நிலையை அறிந்த பிள்ளை வீண் பிடிவாதம் பிடிக்காது. புதுநன்மைக்கும் காதுகுத்துக்கும் கடன்பட்டு விருந்து வைப்பதைத் தவிருங்கள். கந்துவட்டிக்காரரின் வாசலை மிதியாதிருங்கள். ஒருமுறை மிதித்தவர் மீள்வது அரிது. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளில், அதில் ஒரு பகுதி ஒவ்வொரு மாதமும் வங்கியில் சேரட்டும்.

அயலாரை மறவாதீர்

எல்லா ஏற்பாடும் செய்தபின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: நம் தெருவில் ஏற்பாடு செய்ய இயலாதவர் யார்? தனித்து வாழும் கைம்பெண்ணா, நோயுற்ற தொழிலாளியா, புதிதாகக் குடிவந்த ஏழைக் குடும்பமா? சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் இடும் வழக்கம் நம் மூதாட்டியரிடம் இருந்தது. அப்பிடியரிசி வழக்கம் ஒவ்வோர் இல்லத்திலும் மீண்டும் தழைக்கட்டும். சேர்ந்ததை அன்பியத்தின் வழியாகவோ வின்சென்ட் தே பவுல் சபையின் வழியாகவோ, பெறுவோர் நாணாத வகையில், கொண்டு சேருங்கள்.

சாரிபாத்துக் கைம்பெண்ணிடம் இருந்தது ஒரு கையளவு மாவும் சிறிது எண்ணெயுமே. அதிலிருந்து அவர் இறைவாக்கினர் எலியாவுக்கு முதலில் அப்பம் சுட்டுக் கொடுத்தார். பஞ்சம் தீரும்வரை அவர் வீட்டுப் பானையில் மாவு குறையவில்லை. போரிடும் நாடுகளில் அமைதி நிலவ நாள்தோறும் குடும்பமாக மன்றாடுவோம். நம் வீட்டுப் பானையில் அயலாருக்கும் ஒரு பங்கு வைப்போம்.