பாட்டு நின்றது, மைக்கில் "குழந்தை நிற்குது!" கச்சேரிக்கு பிள்ளையோடு போகிறவர்கள் கவனிக்க...

நாகர்கோவில்,

"மஞ்சள் கவுன் போட்ட பெண் குழந்தை. நாலு வயசு இருக்கும். பேரு கேட்டா அழுவுது. பெற்றோர் உடனே மேடை பக்கம் வரவும்!"

இன்னிசை கச்சேரி பாதியில் நின்றது. டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் கப்சிப்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாய் ஓடி வந்தார். "மக்ளே, எங்க போன?" என்று வாரி எடுத்தார்.

குழந்தை இரண்டு கையாலும் காதை பொத்திக்கொண்டிருந்தது. "சத்தம் பயமா இருந்திச்சு... ஓடிட்டேன்" என்றது.

அதுதான் விஷயம்! வேடிக்கை பார்த்து தொலையவில்லை. ஸ்பீக்கர் பெட்டிக்கு பயந்து ஓடியிருக்கிறது.

நாகர்கோவில் அருகே ஒரு கோவில் விழாவில் நிருபர் நேரில் கண்ட காட்சி இது.

வீட்டில் விட முடியுமா?

"சின்ன பிள்ளைய என்னத்துக்கு கூட்டிட்டு வரணும்?" என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

குமரி மாவட்டத்தில் அந்த பேச்சு எடுபடாது. சுசீந்திரம் மார்கழி திருவிழாவின் 3-ம் நாள் 'மக்கள்மார் சந்திப்பு'. கோட்டாறு பிள்ளையாரும் வேளிமலை முருகனும் தாய், தந்தையின் விழாவுக்கு வருவதாக ஐதீகம். சாமிக்கே பிள்ளைகள் இல்லாமல் திருவிழா இல்லை!

1908-ல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், சிறுவனாக நாடக கொட்டகையில் தின்பண்டம் விற்றவர். பிள்ளைகள் பாட்டு கேட்கட்டும், ஆடட்டும். ஆனால் அன்று ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி கிடையாது.

10 நிமிடம்கூட இல்லை

குழந்தைகளுக்கு 75 டெசிபல் சத்தம், வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாக குறையும்.

அப்படி கணக்கு போட்டால் 100 டெசிபலில் ஒரு வாரம் முழுவதற்கும் 10 நிமிடம்கூட கிடையாது! கச்சேரியோ 3 மணி நேரம் நடக்கிறது.

இசை நிகழ்ச்சிகளில் சராசரி சத்தம் 100 டெசிபலை தாண்டக்கூடாது என்று இந்த நிறுவனம் 2022-ல் வரம்பு வைத்தது. அதுகூட பெரியவர்களை நினைத்து வைத்ததுதான். காதுக்குள் இருக்கும் நுண்ணிய செல்கள் கெட்டால் மறுபடி முளைக்காது.

பெற்றோர் செய்ய வேண்டியது

* முன்வரிசை வேண்டாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும்.

* பெட்டிக்கு நேர் எதிரே உட்காராதீர்கள்.

* பஞ்சு வைத்தால் போதாது. காதை மூடும் 'இயர் மப்' கடையில் கிடைக்கிறது.

* செல்போன் நம்பரை துண்டு சீட்டில் எழுதி பிள்ளையின் சட்டைப்பையில் வையுங்கள்.

* "காணாமல் போனால் போலீஸ் மாமாகிட்ட போ" என்று வீட்டிலேயே சொல்லி கொடுங்கள். தனியே நிற்கும் குழந்தையை கண்டால் 1098-க்கு போன் செய்யலாம்.

* பிள்ளை காதை பொத்தினால் எழுந்துவிடுங்கள். அதுதான் மணி அடிப்பது!

கமிட்டிக்கு ஒரு வார்த்தை

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. விழா நாட்களுக்கு அரசு 12 மணி வரை விலக்கு தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாள்தான்.

கச்சேரியை 6 மணிக்கே தொடங்கினால் என்ன? மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டாமா? பெட்டிக்கு முன்னால் ஒரு கயிறு கட்டி தள்ளி உட்கார வைக்க எவ்வளவு செலவாகும்?

அன்று அந்த தாய் வீட்டுக்கு போகவில்லை. மைதானத்தின் கடைசியில், சுக்குக்காபி கடை ஓரமாக போய் உட்கார்ந்தார்.

அங்கே பாட்டு இதமாக கேட்டது. காதிலிருந்து கையை எடுத்தது குழந்தை. கொஞ்ச நேரத்தில் ஆடவும் தொடங்கிவிட்டது!