ஆபீஸில் பதினோராம் எண் கூண்டு!

கடலூர்க்காரர்களுக்குப் புயல் கூண்டைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று செய்தி வந்ததுமே, "துறைமுகத்துல எத்தனாம் நம்பர் ஏத்தியிருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒன்று என்றால் எங்கோ தொலைவில் புயல் உருவாகிறது. பத்து என்றால் பேராபத்து. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்களின் அருமை நன்றாகவே தெரியும்.

பத்துக்கு மேலும் ஒரு கூண்டு உண்டு. பதினோராம் எண். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது. வானிலை மோசமாகும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி நினைக்கிறார்' என்று அர்த்தம். அதாவது, பேச்சு அறுந்து போவதையும் ஓர் ஆபத்தாகவே எண்ணி, பட்டியலின் கடைசி எண்ணை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

நம்மில் பலருடைய ஆபீஸில் இந்தப் பதினோராம் எண் கூண்டு ஏறிப் பல மாதம் ஆகியிருக்கும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்!

வைத்தியருக்கு இதில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. சித்த மருத்துவத்தில் நோயைக் கண்டறிய எண்வகைத் தேர்வு இருக்கிறது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டும்தான் அவை. அதில் 'மொழி'யும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். நோயாளியின் குரல் உரத்து வருகிறதா, தாழ்ந்து வருகிறதா, பாதியில் நிற்கிறதா என்று பார்ப்பது எங்களுக்குச் சோதனையில் ஒரு பகுதி.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் தினமும் பஸ்ஸில் போய் வரும் அலுவலர்கள், பள்ளி ஆசிரியைகள், வங்கி கவுண்ட்டரில் உட்காருபவர்கள், ஆலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள் என்று பலரும் என்னிடம் வருகிறார்கள். தலைவலி, பிடரி வலி, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை என்று புகார்கள் வேறு வேறாக இருக்கும். ரத்த அழுத்தம் முதலியவற்றைப் பார்த்த பிறகு ஒன்று கேட்பேன். "ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கு?" பலர் சிரித்துவிடுவார்கள். ஞாயிறு மதியம் வரை ஒன்றும் இருக்காது. சாயங்காலம் ஆரம்பித்து, திங்கள் காலை முழு வேகத்தில் இருக்கும்.

அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சித்த மருத்துவம் சொல்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. பேச்சு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருப்பவருக்கு உடம்பு இறுக்கமாகவே இருக்கும். மூச்சு மேலோட்டமாகும். தோளும் பிடரியும் கல்லாகும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தால் அது கூடும். இதற்குச் சூரணம் மட்டும் கொடுத்தால் போதுமா?

'சரிங்க சார்' என்ற நான்கு அர்த்தச் சொல்

நம் ஆபீஸ்களில் அதிகம் புழங்கும் சொல் 'சரிங்க சார்'. இதற்கு நான்கு அர்த்தம் உண்டு. 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது', 'புரிந்தது', 'ஒப்புக்கொள்கிறேன்', 'செய்து முடிக்கிறேன்'. சொல்பவர் முதல் அர்த்தத்தில் சொல்கிறார். கேட்பவர் நான்காவதை எடுத்துக்கொள்கிறார். மாலை ஐந்து மணிக்கு இருவருக்கும் ரத்தக் கொதிப்பு!

இதேபோல் இன்னொன்று, 'பார்த்தாச்சு'. ஓர் ஆலையில் வேலை பார்ப்பவர் என்னிடம் சொன்னது இது. ஷிப்ட் மாறும்போது, "அந்தப் பம்ப்பைப் பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு முந்தைய ஷிப்ட்காரர் கிளம்பிவிட்டார். 'கசிவதைப் பார்த்தேன்' என்பது அவர் அர்த்தம். 'பழுது பார்த்தாச்சு' என்று எடுத்துக்கொண்டு இவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். வெந்நீர் பீறிட்டுக் கையெல்லாம் கொப்புளம். நல்லவேளை, அதோடு போயிற்று.

எல்லா நேரமும் அதோடு போவதில்லை. 1996 நவம்பர் 12-ம் தேதி ஹரியானாவில் சார்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானத்திலேயே மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானத்துக்கு ஒதுக்கப்பட்ட உயரம் 15,000 அடி. அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. தரையிலிருந்து உத்தரவு ஒழுங்காகத்தான் போயிருந்தது. விமானத்தில் அதை வாங்கிப் பதில் சொன்னவர் ரேடியோ பார்ப்பவர். விமானத்தை ஓட்டியவர்களுக்கு ஆங்கிலம் போதாததால் உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று விசாரணை சொன்னது. பதில் வந்துவிட்டது என்பதற்காக விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

என்ன செய்யலாம்?

1. திருப்பிச் சொல்லுங்கள். மேலதிகாரி வேலை சொன்னதும், "சரிங்க சார்" என்பதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். "சரிங்க சார், மூன்று கிளைகளின் கணக்கும் புதன்கிழமை மதியத்துக்குள் உங்கள் மேஜைக்கு வந்துவிடும்." பத்து விநாடிதான் ஆகும். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மருந்து கொடுத்த பிறகு நானும் நோயாளியை ஒருமுறை சொல்லிக்காட்டச் சொல்வேன். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? தேன்லயா, வெந்நீர்லயா?" என்று கேட்டால், பாதிப் பேர் அந்த இடத்தில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

2. மழுப்பல் சொற்களை விடுங்கள். 'சீக்கிரம்', 'கொஞ்சம்', 'பார்க்கலாம்' மூன்றும் வீட்டுக்கு நல்ல சொற்கள், வேலைக்கு ஆகாது. நாள், மணி, எண்ணிக்கை சொல்லிப் பழகுங்கள்.

3. கெட்ட செய்தியை முதலில் சொல்லுங்கள். என்ன நடந்தது, எதனால், இப்போது நிலைமை என்ன, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கையும் இந்த வரிசையில் சொன்னால் எந்த அதிகாரியும் காது கொடுப்பார். சுற்றி வளைத்தால் அவருக்குக் கோபம்தான் வரும்.

4. வாட்ஸப்பில் சண்டை வேண்டாம். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படமும் 'சரிங்க சார்' மாதிரிதான். யார் படித்தார், யார் செய்வார் என்று அதில் தெரியாது. தேதி, கணக்கு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். மனவருத்தத்தை மட்டும் நேரில் பேசுங்கள், அதுவும் தனியாக. குரூப்பில் போட்ட குறை நான்கு பேர் முன் அடித்த அடி.

5. மூச்சை விட்டுவிட்டு உள்ளே போங்கள். பயத்தில் வாய் உலர்வதும், நெஞ்சு படபடப்பதும், குரல் நடுங்குவதும் இயற்கை. அதிகாரி அறைக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று, இழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கி ஐந்தாறு முறை விடுங்கள். ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். குரல் தானாகக் கீழே இறங்கும்.

6. உடம்பும் பேசும். சிதம்பரம் கோயில் கோபுரங்களில் 108 கரணங்களைச் சிற்பமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாய் திறக்காமலே அத்தனை பேச்சு! நாமோ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்கிறோம். எதிரில் நிற்பவர் அந்தச் சொல்லை நம்ப மாட்டார், நம் முதுகைத்தான் நம்புவார்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

திருக்குறளின் பொருட்பாலில் 'கேள்வி' என்ற அதிகாரம் அரசியலில் வருகிறது. 'சொல்வன்மை', 'குறிப்பறிதல்', 'அவையஞ்சாமை' மூன்றும் அமைச்சியலில் வருகின்றன. எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. மேலே இருப்பவருக்குக் கேட்கும் திறமை வேண்டும், கீழே இருப்பவருக்குச் சொல்லும் திறமை வேண்டும். நம் ஆபீஸ்களில் தலைகீழ். அதிகாரி பேசிக்கொண்டே இருக்கிறார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது சார்" என்றுதான் சொல்வார்கள். "இதில் எந்த இடம் சிக்கலாக வரும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் வாய் திறக்கும். தவறைச் சொல்ல வந்தவரைத் திட்டி அனுப்பினால், அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது. கூண்டு ஏறியது உங்களுக்கு மட்டும் தெரியாமல் போகும்!

தொண்டையையும் கவனியுங்கள்

நாள் முழுக்கப் பேசுபவர்கள் அடிக்கடி இளஞ்சூடான தண்ணீர் குடிக்க வேண்டும். கனைத்துக் கனைத்துத் தொண்டையைச் சரி செய்யாதீர்கள், அது புண்ணாக்கும். இரவில் உப்புக் கலந்த வெந்நீரில் கொப்பளிக்கலாம். அதிமதுரத் துண்டு சிறிது வாயில் அடக்கிக்கொள்வது குரல் கம்மலுக்கு நல்லது. ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை வைத்தியரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு. ஆபீஸிலிருந்து வந்தவர், வந்தவள் கதவைத் திறந்ததும் கரண்ட் பில்லை நீட்டாதீர்கள். ஒரு டம்ளர் மோரோ காபியோ கொடுத்து, "இன்னிக்கு ஆபீஸ்ல எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை அடுத்த கேள்வி வேண்டாம். வீட்டில் முழுசாகப் பேசி முடித்தவர்தான் மறுநாள் ஆபீஸில் பேச வேண்டியதைத் தைரியமாகப் பேசுவார்.