சோழவரம் ஓடுதளமும் மோட்டார் பந்தயமும்

சோழவரம் ஓடுதளம் என்பது சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில், சோழவரம் ஏரிக்கு அருகில் அமைந்துள்ள இரண்டாம் உலகப்போர்க் கால வானூர்தித் தளமாகும். போருக்குப் பின்னும் பாதுகாப்புத் துறையின் நிலமாகவே இருந்த இங்கு, 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றன. இராணுவ நிலத்தைப் பொதுமக்களின் விளையாட்டுக்காகப் பகிர்ந்துகொண்டதற்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் முக்கியமான எடுத்துக்காட்டு இது.

தோற்றம்

1942 ஏப்ரலில் சப்பானியப் படைகள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களைத் தாக்கின. அதன்பின் சென்னை மாகாணத்தின் வான் பாதுகாப்பு விரைவாக வலுப்படுத்தப்பட்டது. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு முதலிய ஊர்களில் ஓடுதளங்கள் அமைந்தன. சென்னையை ஒட்டிச் சோழவரத்தில் ஓடுதளமும், செங்குன்றம் ஏரியில் கேட்டலினா வகைக் கடல் வானூர்திகளுக்கான தளமும் இயங்கின. போர் முடிந்ததும் இவற்றில் பல பயன்பாடின்றிப் போயின. சோழவரத்தில் நீண்ட, சமதளமான, கடினப் பரப்புள்ள ஓடுபாதை மட்டும் எஞ்சியது.

வடசென்னையின் வாகனத் தொழில்

அதே காலத்தில் சோழவரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் ஒரு வாகனத் தொழிற்பகுதி உருவாகி வந்தது. 1948 இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. அதுவே 1955 இல் அசோக் லேலண்ட் ஆனது. என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்தது. 1946 இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1960களில் டயர் உற்பத்தியில் இறங்கியது. பின்னாளில் மோட்டார் பந்தயத் துறையிலும் பெயர் பெற்றது. வண்டியைச் செய்பவர்களும், பழுது பார்ப்பவர்களும், அதன் மீது ஆர்வம் கொண்டவர்களும் சென்னையில் பெருகினர். வண்டியை அதன் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கத்தான் இடம் இல்லை.

பந்தயக் களம்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953 இல் நிறுவப்பட்டது. சோழவரம் ஓடுதளம் அதன் பந்தயக் களமாயிற்று. விமானத்துக்காகப் போடப்பட்ட தளம் பந்தயத்துக்கும் பொருந்தியது. பாதை அகலமானது, ஓரத்தில் மரமோ சுவரோ கிடையாது, ஊர்ப் போக்குவரத்தின் இடையூறும் இல்லை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இங்கு ஓடின.

சோழவரம் பந்தயம் சென்னையின் பெரிய பொது நிகழ்வுகளில் ஒன்றாக வளர்ந்தது. பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். கொல்கத்தா, பெங்களூரு, மும்பை நகரங்களிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்தனர். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் தாமே வடிவமைத்த கார்களுடன் இங்கு போட்டியிட்டார். விஜய் மல்லையா, பழைய ஃபார்முலா ஒன் காரான என்சைனை இங்கு ஓட்டினார்.

பகிர்வின் வரம்புகள்

இந்த ஏற்பாட்டின் பலவீனம் நில உரிமையில் இருந்தது. நிலம் பாதுகாப்புத் துறையுடையது. பந்தயம் நடத்துவோர் அதன் அனுமதியைச் சார்ந்தே இருந்தனர். பிறர் நிலத்தில் நிரந்தரப் பார்வையாளர் மாடமோ, தடுப்புச் சுவரோ, பழுது பார்க்கும் கூடங்களோ எழுப்ப இயலாது. கார்களின் வேகம் கூடக் கூட இந்தக் குறை பாதுகாப்புச் சிக்கலாக மாறியது. ஓடுபாதை விமானத்துக்காக அமைக்கப்பட்டதே தவிர, பந்தயக் கார்களும் அருகில் திரளும் கூட்டமும் கருதி அமைக்கப்பட்டதல்ல.

எனவே கிளப் தனக்கென நிலம் வாங்கித் தடம் அமைக்கும் வழியைத் தேர்ந்தது. திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் 1990 இல் பயன்பாட்டுக்கு வந்தது. அத்துடன் சோழவரத்தின் பந்தயக் காலம் முடிந்தது.

ஒப்பிடத்தக்க பிற ஏற்பாடுகள்

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால வானூர்தித் தளமே. அங்கு 1948 இல் பெரும் பந்தயம் தொடங்கியது. 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலகப் போட்டியின் முதல் பந்தயம் நடந்தது. பிரித்தானியப் பந்தய ஓட்டுநர் கிளப் முதலில் அதைக் குத்தகைக்கு எடுத்து, 1971 இல் நிலத்தையே வாங்கியது. சோழவரத்தைப் போலவே தொடங்கிய இடம், நில உரிமை தெளிவானதால் நிலைத்து நின்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மொகாவி பாலைவனத்தின் ஜான்சன் பள்ளத்தாக்கு, கரடுமுரடான நிலத்தில் வண்டி ஓட்டுவோருக்கான பொதுநிலமாகும். அருகிலுள்ள கடற்படைத் தரைப்படையின் பயிற்சித் தளத்தை அதற்குள் விரிவாக்க வேண்டியபோது வண்டி ஓட்டுவோர் எதிர்த்தனர். 2013 இறுதியில் இயற்றப்பட்ட சட்டம் நிலத்தை மூன்றாகப் பிரித்தது: ஒரு பகுதி படைக்கு, ஒரு பகுதி பொதுமக்களுக்கு, ஒரு பகுதி இருவருக்கும். பொதுப் பகுதியைப் படை ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 30 நாட்கள் வரை பயன்படுத்தலாம். வெடிக்காமல் மண்ணில் தங்கிவிடக்கூடிய குண்டுகளை அங்கே பயன்படுத்தக் கூடாது.

இந்தியாவில் இத்தகைய பகிர்வுக்கு 1938 ஆம் ஆண்டின் களப்பயிற்சி மற்றும் பீரங்கிப் பயிற்சிச் சட்டம் அடிப்படையாகும். மாநில அரசு அறிவிக்கும் நிலத்தில் குறித்த காலத்துக்குப் படைகள் பயிற்சி செய்யலாம். மக்களுக்கு முன்னறிவிப்பும், சேதத்துக்கு இழப்பீடும் தரப்பட வேண்டும். திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறை அருகே வீரமலைப்பாளையத்தில் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும்போதெல்லாம், அந்நாட்களில் ஆட்களோ மேய்ச்சல் கால்நடைகளோ உள்ளே செல்லக் கூடாது என மாவட்ட ஆட்சியர் அறிவிக்கிறார். முன்னறிவிப்பு மட்டுமே போதாது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை காட்டியது. 2021 டிசம்பரில் அங்குள்ள துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து தப்பிய குண்டு பாய்ந்து காயமடைந்த 11 வயதுச் சிறுவன் பின்னர் உயிரிழந்தான்.

இன்றைய நிலை

சென்னை நகருக்குள் மோட்டார் பந்தயம் மீண்டும் வந்தபோதும் இராணுவ வரலாறு கொண்ட இடமே களமாயிற்று. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில், புனித ஜார்ஜ் கோட்டையை அடுத்த தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. அது சில நாட்களுக்கு மட்டும் சாலைகளை மூடி நடத்தப்படும் நிகழ்வு. இளைஞர்கள் பயிலும் களம் அல்ல.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழ்வோருக்கு இருங்காட்டுக்கோட்டை நகரின் மறுகோடியில் உள்ளது. அருகிலுள்ள சாலைகளோ துறைமுகச் சரக்குப் பெட்டக லாரிகளால் நிறைந்தவை. இராணுவத் தேவை எப்போதும் இருக்கும். ஆனால் அது ஆண்டின் எல்லா நாட்களுக்கும் உரியதல்ல என்பதைச் சோழவரத்தின் 30 ஆண்டுக்கு மேற்பட்ட பந்தய வரலாறு காட்டுகிறது. எந்த நாட்கள் யாருக்கு, பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைப்பது யார் என்பவை எழுத்தில் வரையறுக்கப்பட்ட இடங்களில் பகிர்வு நிலைக்கிறது. அனுமதியை மட்டுமே நம்பிய இடங்களில், அனுமதி உள்ளவரையே அது நீடிக்கிறது.