கடல் பொங்கி நுழையும் வாசல்

சென்னையில் அடையாற்றின் உடைந்த பாலத்தருகே நின்றால் ஆறு கடலுக்குப் போவதைப் பார்க்கலாம். சில மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தால், தண்ணீர் ஊரை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருக்கும். ஆறு கடலில் சேரும் இடம் என்றே கழிமுகத்தைப் பாடத்தில் படித்தோம். கடல் ஆற்றுக்குள் ஏறும் இடமும் அதுதான்.

ஆங்கிலத்தில் இதற்கு 'எஸ்சுவரி' என்று பெயர். அதன் வேர் 'ஐஸ்டுஸ்' என்ற லத்தீன் சொல். வெப்பம், கொதிப்பு, கடல் ஓதம் ஆகிய மூன்றையும் அந்த ஒரு சொல்லே குறித்தது. நமக்கு இதில் வியப்பில்லை: அடுப்பில் பாலும் பொங்கும், கரையில் கடலும் பொங்கும். நம் பழஞ்சொல்லான 'புகார்' ஆற்றுமுகத்தைக் குறிக்கும். காவிரி கடல் சேரும் ஊருக்கு அதுவே பெயராயிற்று.

பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம் ஏறுகிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பைச் சுமக்கும் கடல்நீர் கனமானது. ஆற்றுநீருக்கு அடியில் புகுந்துகொள்ளும். அதனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மேல்நீர் கடலை நோக்கியும் அடிநீர் நிலத்தை நோக்கியும் நகர்வதுண்டு. ஆறு சுமந்துவரும் களிமண் துகள்கள் உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, அடியில் படிகின்றன. அந்தச் சேற்றில்தான் நண்டு வளை தோண்டுகிறது, அலையாத்தி வேரூன்றுகிறது.

கடலில் பொரிக்கும் பல வகை இறால்களின் குஞ்சுகளுக்கு எதிர்நீச்சல் போடும் வலுவில்லை. ஓத ஏற்றத்தின்போது அவை மேலெழுந்து நீரோடு உள்ளே வருகின்றன. வற்றத்தின்போது அடியில் பதுங்கிக்கொள்கின்றன. இப்படி ஓதம் ஓதமாக ஏறிக் கழிக்குள் வந்து வளர்கின்றன.

கோடையில் ஆறு மெலிந்ததும் அலைகள் கொண்டுவரும் மணல் அடையாற்றின் வாயை அடைத்துவிடுவதுண்டு. அப்போது ஆறும் இருக்கிறது, கடலும் இருக்கிறது. இடையில் ஓதம் மட்டும் இல்லை. உள்ளே நீர் தேங்கி நாறுகிறது. குஞ்சுகளுக்கு வழியில்லை. மணலை வெட்டி வாயைத் திறந்துவிட்டதும் அடுத்த ஏற்றத்தில் கடல் பொங்கி உள்ளே வருகிறது. அந்தக் கணத்தில்தான் அது மீண்டும் கழிமுகமாகிறது.